எல்லோரும் கொஞ்சிய பக்கம்

போன புதன்கிழமை ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கத்துக் கடைத்தொகுதி ஒன்றின் பார்க்கிங்கில், காருக்குள் இருந்தபடி மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் — நானும் பக்கத்து வீட்டு ஜெசிந்தாவும். அவருடைய போன் 'டிங்' என்றது. பார்த்தார். பாதி ரோல்ஸை என் கையில் திணித்துவிட்டார்.

ஜெசிந்தா மன்னார்க்காரி. உயிரியல் படித்தவர். முன்பு உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை; ஆட்டிறைச்சியில் மாட்டிறைச்சி கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. இப்போது அதே வித்தையை டவுன்டவுன் நூலகம் ஒன்றில் காட்டுகிறார். இடைக்கால ஐரோப்பாவில் கையால் எழுதிய புத்தகங்கள். கடதாசி அல்ல, தோல். தோல் என்றால் மிருகம். மிருகம் என்றால் டிஎன்ஏ... அவருக்கு வேறென்ன வேண்டும்?

வெட்டத் தேவையில்லையாம். அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, உதிரும் தூளைச் சேர்த்தால் போதும். ஓம், பள்ளிக்கூடத்தில் பென்சில் எழுத்தை அழிக்க நாங்கள் பாவித்த அதே அழிறப்பர்!

பிரச்சினை ஒரு செபப் புத்தகத்தில். சிலுவைப் படம் உள்ள ஒரு தாள் மட்டும் கறுத்து, மினுங்கி, மற்றவற்றோடு சேராமல் கிடந்தது. பிற்காலத்தில் யாரோ செருகியது என்றார் மேலதிகாரி. கண்காட்சியில் அதைக் காட்டுவதில்லை என்றும் முடிவாகிவிட்டது. ஜெசிந்தாவுக்கு மனம் கேட்கவில்லை. தூளைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, மாதக்கணக்காகக் காத்திருந்தார்.

அந்த ரிப்போர்ட்தான் இப்போது போனில்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒரே கன்று, அண்ணை. இந்தத் தாளும் இதுக்கு முன்னால இருக்கிற தாளும் ஒரே கன்றின்ர தோல். ஒருத்தரும் செருகேல்லை."

"அப்ப ஏன் உது மட்டும் கறுப்பு?"

அவருடைய விரல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"மனிசற்ற வாயில இருக்கிற கிருமி... மற்றத் தாள்களில பெரிசா இல்லை. இதில நிறையக் கிடக்கு." போனை மடியில் வைத்தார். "கொஞ்சியிருக்கினம், அண்ணை."

முத்தமிடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"ஆரெண்டு தெரியுமோ?"

"அது சொல்லேலாது. செபம் சொல்லிச் சொல்லிப் படத்தைக் கொஞ்சியிருப்பினம். வேற விளக்கம் எனக்குத் தெரியேல்லை."

இரண்டு ரோல்ஸும் என் கையில் ஆறிக்கொண்டிருந்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்திய உதடுகள்... ஸ்காபரோ பார்க்கிங்கில் வந்து சேர்ந்திருக்கின்றன!

யோசித்துப் பார்த்தால், இதில் என்ன அதிசயம்? உங்கள் வீட்டுச் சமையல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எண்ணெயும் மஞ்சளும் அதிகம் பட்ட பக்கம் எது? பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கறிதானே? விரும்பினால் அழுக்குப்படத்தான் செய்யும்.

ரிப்போர்ட்டை மேலதிகாரிக்கு அனுப்பினார்; வெள்ளிக்கிழமை பதில் வந்தது. கண்காட்சியின் நடுவில் அந்தத் தாள்தானாம். தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள்.

ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஒரு சின்னக் கவலை:

"கண்ணாடிக்குள்ள வைச்சா, இனி ஆர் கொஞ்சிறது?"