வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்

என் மகள் ஆறு வயது வரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்க நான் விட்டதில்லை என்பதுதான் உண்மை. அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வாய் நான்தான். கண் சொம்புப் பக்கம் போனால் தண்ணீர், காலைப் பின்னிக்கொண்டு நின்றால் பாத்ரூம், காதைப் பொத்தினால் மிக்சியை நிறுத்தியாக வேண்டும். மூலக்குளத்தில் எங்கள் தெருவே என்னை மெச்சும். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அந்தத் தலைக்கனத்தில் மண் விழுந்தது. தலைமையாசிரியை தன்மையாகத்தான் பேசினார். "சேத்துக்கறோம்மா. ஜூன்ல ஒரு வாரம் வந்து உக்காரட்டும். பாத்ரூம் வந்தா டீச்சர்கிட்ட அவளே தெரிவிக்கணும். பேசக்கூட வேணாம், எப்படியாவது தெரிஞ்சா போதும். நீங்க கூடவே உக்காந்திருக்க முடியாது, பாருங்க." முடியாவிட்டால் மறுபடியும் அவளும் நானும் நாலு சுவரும்தான். கையில் மூன்று மாதம் இருந்தது.

அப்போதுதான் ஒரு மிஸ் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். பேச்சு வராத பிள்ளைகள் படத்தை எடுத்துக் கொடுத்து வேண்டியதைக் கேட்கப் பழக்குவது அவர் வேலை. நான் கடையில் வாங்கி வைத்திருந்த படச் சார்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கக்கூஸ் எந்த ஊர்ல இருக்குக்கா? உங்க பாப்பா இத எங்க பாத்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு, எங்கள் வீட்டு பாத்ரூம் கதவையும் சொம்பையும் முறுக்கு டப்பாவையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். மறுநாள் லேமினேட் செய்த அட்டைகளாக வந்தன.

இரண்டு வாரம் விடாமல் பழக்கினேன். பிறகு மிஸ் எதிரில் அவளை உட்கார வைத்தேன். முறுக்கு அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மிஸ் சொன்னார்: "அக்கா, இப்ப கேட்டது நீங்க."

எனக்குப் புரியவில்லை. "நீங்க முழங்கையத் தட்டுனீங்க. அதுக்கப்புறம்தான் அது எடுத்துச்சு. ஸ்கூல்ல யாரு தட்டுவாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்களும் ஒரு புள்ளயப் பெத்துப் பாருங்க மிஸ், அப்ப தெரியும்" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் அன்றோடு வராமல் நின்றிருப்பார்கள். இவர் முறுக்கு டப்பாவை மூடி வைத்து, "நாளைக்கு வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தும் விட்டார்.

அன்றைக்கு அவர் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பின்னால் உட்கார வைத்தார். முன்னால் இருப்பவர் கையை விரித்துக் காத்திருக்க வேண்டும். பின்னால் இருப்பவர் அவள் கையை முதலில் மணிக்கட்டில் தாங்கலாம், பிறகு முழங்கையில், பிறகு தோளில், பிறகு தொடவே கூடாது. ஆனால் பின்னால் இருப்பவர் மூச்சுவிடக் கூடாது. காஸ் சிலிண்டர்காரரோடு தெருமுனை வரை சண்டை போட்டுக்கொண்டே போகிறவள் நான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மந்திரம் போட்டீங்க மிஸ்? எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார்.

அவள் அழுதாள், தரையில் அடித்தாள், டப்பாவைப் பிடுங்கப் பார்த்தாள். மிஸ் விரித்த கையை மடக்கவில்லை. அந்த முகத்தில் பரிதாபமும் இல்லை, அவசரமும் இல்லை. தினம் வரும் பஸ்ஸுக்கு ஸ்டாப்பில் நிற்பவர் போல, வரும் என்று தெரிந்து இருந்தார். என்ன பொம்பளை இவர் என்று வியந்து போனேன். பதினோராம் நாள் நான் தொடாமலே அவள் அட்டையை எடுத்து வைத்தாள். மிஸ் கைகூடத் தட்டவில்லை, அந்த நொடியே முறுக்கைக் கொடுத்தார். பிறகு சொம்பு, அதற்குப் பிறகு பாத்ரூம் கதவு.

ஜூனில் முதல் நாள் மட்டும் வகுப்புக்கு வெளியே ஜன்னலோரம் நிற்க விட்டார்கள். மிஸ்ஸும் துணைக்கு வந்திருந்தார். பதினோரு மணி வாக்கில் என் மகள் காலைப் பின்னினாள். வாயைத் திறக்கப் போனேன், மிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் எழுந்தாள். பையிலிருந்து பாத்ரூம் கதவு அட்டையை எடுத்தாள். டீச்சரிடம் போனாள்.

டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். என் மகள் அந்த முதுகுக்கு நேராக அட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அய்யோ அக்கா" என்று மிஸ் என் காதருகே சொன்னார். "திரும்பி நிக்கிறவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நான் சொல்லியே குடுக்கலியே."

எத்தனை நேரம் நின்றாளோ. பிறகு டீச்சரின் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பியதும், சாக்பீஸ் பிடித்திருந்த கையை எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, அந்த உள்ளங்கையில் அட்டையை வைத்தாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். இருவரும் என்னை உரசிக்கொண்டுதான் போனார்கள். என் மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.