நாலாவது ஆள்

எங்கள் வீட்டில் மூன்றே பேர்தான்: நைனா, அம்மா, நான். ஆனாலும் நாங்கள் மூவர் மட்டும் நிற்கிற போட்டோ ஒன்றுகூட வெகுநாள் வரை கிடையாது. மூன்று பேராக நின்று எடுத்தால் அதில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பது அம்மாவின் கெட்டியான நம்பிக்கை. என் பிறந்தநாள் படங்களில் யாராவது ஒரு நாலாவது ஆள் கட்டாயம் இருப்பார். ஒரு வருஷம், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேக்குக்குப் பின்னால் விறைப்பாக நிற்கிறார், பாவம்.

ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்த நைனாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "மூணு பேரும் ஒரே வண்டில போறோமே, அதுக்குப் பயமில்ல. போட்டோக்கு மட்டும் பயமா மே?" என்று அம்மாவை வாரிக்கொண்டே இருப்பார்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது அம்மாவுக்குத் தீராத வயிற்றுவலி. பெரிய ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார்கள். ஒருநாள் என்னையும் அழைத்துப் போய், டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். திரும்பி வந்த நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே வாசலைப் பார்த்து நடந்தார். அம்மாதான், "ஊட்டுக்கு அப்பால போலாம். புள்ளைக்கு பீச்ச காட்டிகினு போலாம்யா" என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மணலில் அம்மாவால் நடக்க முடியவில்லை. நின்று நின்று வந்தாள். நிற்கும்போதெல்லாம் நைனாவின் செல்போனில் என்னை எடுத்தாள். நான் கால் நனைத்தது, மாங்காய் தின்றது, என் செருப்பை அலை இழுத்துப் போனது, எல்லாம். பிறகு அந்தப் பக்கம் வந்த காலேஜ் பெண் ஒருத்தியிடம் போனை நீட்டினாள்.

"எங்க மூணு பேரையும் ஒண்ணு எடும்மா."

நான் வாயைப் பிளந்தேன். நைனாவோ பதறிப்போய், "இரு மே, இரு" என்று ஓடி ஒரு சுண்டல்காரரின் கையைப் பிடித்தார். "அண்ணாத்தே, ஒரு நிமிசம் வந்து நில்லு. சும்மா பக்கத்துல நின்னா போதும்."

"இன்னா சார் கூத்து இது?" என்று அவர் கையை உதறினார். நைனா காலில் விழாத குறை. அத்தனை கிண்டல் செய்த மனுஷனா இது! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அம்மா போய் நைனாவின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். "வுடுய்யா அவர. யாபாரத்தக் கெடுத்துகினு. இனிமே இன்னா பயம் கீது?"

அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அம்மாவும் நானும் சிரிக்கிறோம். நைனா மட்டும் வேறெங்கோ, சுண்டல்காரர் போன பக்கம் பார்க்கிறார். அடுத்த பொங்கலுக்கு அம்மா இல்லை.

அன்றைக்கு ரயிலில் ஆவடி வரும்வரை எனக்கு ஒரே குதூகலம். அம்மாவுக்குப் பயம் தெளிந்துவிட்டது, இனிமேல் வெளியாள் யாரையும் கூப்பிடாமல் மூன்று பேராகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.