மாடி மாமி ஒட்டிவிட்ட கொலையாளி

நம் மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தன ஸ்டோரில் ஆறு வீட்டுக்கும் ஒரே வாரப் பத்திரிகை. எல்லா வீடும் சுற்றிக் கடைசியில்தான் எனக்கு வரும். எனக்கு முன்னால் மாடி மாமி.

அதில் வரும் ராஜா கதையில் இளவரசன் ஒரு மாதமாகக் குதிரையை விட்டு இறங்கவில்லை. குடும்பக் கதையின் கதாநாயகி அழுகையை நிறுத்தவில்லை. உருப்படியானது துப்பறியும் கதை ஒன்றுதான். இந்த வாரம் அதற்கு முடிவு.

துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, "கொலை செய்தது..." என்று ஆரம்பிக்கிறார்.

அடுத்த பக்கத்தைக் காணோம்!

மாடிக்கு ஓடினேன். மாமி குடும்பக் கதையை பைண்டு பண்ணக் கத்தரித்து, பழைய காலண்டர் தாளில் கோந்து தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, அதோட பின்பக்கத்துலதான் என் கதை முடியறது!"

"எவன் கொன்னா நோக்கென்னடி? இவ மாமியார்கிட்ட படற பாட்டைப் படி, அழுதுடுவே."

அழுகை வந்தது. ஆத்திரத்தில்.

கொலையாளி யாரென்று தெரிந்தவர்கள் இதன் கீழேயே எழுதுங்கள். இதை மாடிப்படிச் சுவரில் என்னால் உரிக்கவே முடியாத மாமியின் கோந்தாலேயே ஒட்டியிருக்கிறேன். அவராலும் கிழிக்க முடியாது.