பச்சை பிடித்த வெள்ளி ரூபாய்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எனக்கு இருந்த ஒரே கிறுக்கு பழைய வெள்ளி ரூபாய். ரத வீதியில் வெள்ளிக்கடை வைத்திருந்தவர், உருக்குவதற்காக வந்த காசுகளை ஒரு தட்டில் கொட்டி எங்களைப் பொறுக்கவிடுவார். எங்களை என்றால் என்னையும், என்னோடு பள்ளியில் படித்த கடையநல்லூர் நண்பனையும். ராணி தலை, கிரீடம் இல்லாத ராஜா, கிரீடம் வைத்த ராஜா என்று வருஷம் பார்த்துப் பார்த்து எடுப்போம். கிடைத்ததைப் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாக முடிந்து ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டுவைப்பேன். கொஞ்சம் கறுத்திருக்கும். அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

நண்பன் துபாய்க்கு வேலைக்குப் போனான். முதல் விடுமுறையில் வந்தபோது இரண்டு ஆல்பங்கள் கொண்டுவந்தான். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. தடித்த அட்டை, உள்ளே கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள்கள், தாளுக்குப் பன்னிரண்டு பைகள். புது மழைக்கோட்டு வாசம் அடித்தது.

"இனிமே டப்பாவ தூரப் போடு மாப்ளே. ரெண்டு பக்கமும் பாக்கலாம், கை படாது" என்றான்.

அன்று மாலையே காசுகளை அடுக்கி முடித்தேன். ஆடித் தபசுக்கு வந்த உறவினர்கள் எல்லாருக்கும் அந்த ஆல்பத்தைக் காட்டினேன். பூ வேலைப்பாடு போட்ட சட்டையும் பின்னிய கூந்தலுமாக ராணி பையில் பளிச்சென்று தெரிந்தாள். பிறகு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கோடையில் பீரோக் கதவைத் தொட்டால் கை சுடும். அலுவலகத்தில் வேலை அதிகமாக இருந்ததால் பல மாதம் அதைத் திறக்கவே இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ பத்திரம் தேடும்போது ஆல்பத்தை எடுத்தேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது எண்ணெய் தடவியது போல விரல் வழுக்கியது. ஒவ்வொரு காசின் மேலும் குளத்துப்பாசி நிறத்தில் பிசின் படிந்திருந்தது. ராணியின் கண் இருந்த இடத்தில் ஒரு பச்சைச் சொட்டு நின்றது. என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி எதுவும் போச்சா?"

"பூட்டின பீரோவுக்குள்ள எங்கருந்து தண்ணி வரும்?"

"அவசரப்படாதீங்க. யார்ட்டயாவது கேட்டுக்கிட்டு கை வைங்க" என்றாள்.

நான் கேட்கவில்லை. பாத்திரம் விளக்கும் புளியையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு போய்த் தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பச்சை போனது. காசுகள் கல்யாண வீட்டு டம்ளர் போல மின்னின. வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் மேலெல்லாம் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன. ராணியின் கூந்தல் இழைகள் மழுங்கியிருந்தன. பச்சை இருந்த இடங்களில் ஊசியால் குத்தியது போலக் குழிகள். மறுநாள் வெள்ளிக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி இதெல்லாம் உருக்கத்தான் அண்ணாச்சி" என்றார். அவர் என்னைப் புண்படுத்த அப்படிச் சொல்லவில்லை. காசுகளை அள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

கடையிலிருந்து பாதி வழி வந்த பிறகுதான் நண்பனின் ஆல்பம் நினைவுக்கு வந்தது. அதே ஆல்பம், அதே கோடை. அவன் ஊருக்கு வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகும். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் புளியங்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் கடையநல்லூருக்குப் போனேன்.

அவன் வீட்டில் அவனுடைய தகப்பனாரும் மனைவியும் இருந்தார்கள். தகப்பனாரை அவனைப் போலவே நானும் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். விஷயத்தைச் சொல்லி, கையோடு கொண்டுபோன ஒரு காசையும் காட்டினேன். உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்ற அவன் மனைவி, "பீரோ சாவி எங்கிட்ட இருக்கு. ஆல்பம் இருக்குற உள் லாக்கர் சாவிய அவங்க கையோட கொண்டு போயிட்டாங்க" என்றாள்.

அத்தா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பூட்டுக்காரரக் கூட்டிட்டு வாரேன்" என்று எழுந்தார்.

"அவன் இல்லாத நேரத்துல உடைக்கணுமா அத்தா? எழுதிக் கேட்டுட்டு..."

"எழுதிக் கேட்டுட்டு இருந்தா அதுக்குள்ள மீதியும் போயிரும் தம்பி. எம் மவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

பூட்டுக்காரர் லாக்கர் பூட்டை ரம்பத்தால் அறுக்கத் தொடங்கினார். நண்பன் பூட்டிவிட்டுப் போனதை என் பேச்சை நம்பி உடைக்கிறார்கள். உள்ளே காசுகள் நன்றாக இருந்தால் நான் எந்த முகத்தோடு வெளியே போவேன்?

நன்றாக இல்லை. முதல் தாளைப் பிரித்ததும் பிசின் நூலாக இழுத்தது. அத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மேல் வரிசையில் இருந்த இரண்டு ரூபாய்களின் மேல் விரலை வைத்தார்.

"இது ரெண்டும் கல்யாணத்துல இவன் உம்மாவுக்கு நான் குடுத்த மஹர். மவுத்தாப் போறப்ப அவ இவன் கையில குடுத்தது."

அந்த அம்மா எனக்கும் சோறு போட்டவர். அந்தக் காசுகள் அந்த ஆல்பத்தில் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அத்தா அவற்றை வெளியே எடுத்து வேட்டி முனையால் துடைக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தேய்க்காதீங்க அத்தா. நான் தேய்ச்சுத்தான் கெடுத்தேன்" என்றேன். ஆனால் வேறு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. பூட்டுக்காரர் கூலி கேட்கக் கூச்சப்பட்டுத் திண்டாடிக்கொண்டிருந்தார்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு வந்த அவன் மனைவி கேட்டாள்: "அண்ணே, இந்தப் பச்சை காசுலருந்து வந்ததா, தாளுலருந்து வந்ததா?"

எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. காசே இல்லாத பைகளைத் தொட்டுப் பார்த்தேன். அவையும் பிசுபிசுத்தன.

"அப்ப பிளாஸ்டிக்தான் இளகியிருக்கு" என்றவள் உள்ளே போய் ஒரு சின்னப் பாட்டிலும் பஞ்சும் கொண்டுவந்தாள். "நகப்பூச்ச எடுக்குற மருந்து. நகத்துல பூச்சு இருந்தா தொழுகைக்கு ஒளு செய்ய முடியாதுல்லா, அதான் அங்கருந்து வாங்கிட்டு வந்தாங்க. இதும் பிசின்தானே, கரையுதான்னு பாப்போம். மொதல்ல சாதாரண காசு ஒண்ணு குடுங்க."

ஒரு காசின் மேல் மருந்தை ஊற்றி, தேய்க்காமல், நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பஞ்சு பச்சையானது. காசு அதன் பழைய கறுப்போடு, ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது. முந்தாநாள் நான் உட்கார்ந்து தேய்த்த மூன்று மணி நேரம் கண் முன்னால் வந்தது.

பிற்பகல் முழுக்க அவளும் அத்தாவும் நானும் அதைச் செய்தோம். பாட்டில் தீர்ந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்று வந்தது, அதுவும் துபாய்ப் பாட்டில்தான். மஹர் ரூபாய்களில் ஒன்று சுத்தமாக மீண்டது. மற்றதில் ராஜாவின் கன்னத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. அத்தா அதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, "போதும், ஆள் தெரியுது" என்றார். காசுகளைத் துவைத்த மல் துணியில் தனித்தனியாகச் சுற்றி ஒரு தகர டப்பாவில் வைத்தோம்.

நடந்ததை எல்லாம் எழுதி நண்பனுக்குக் கடிதம் போட்டேன். பூட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. "இங்க ஏழு பேருக்கு அதே ஆல்பத்த வாங்கிக் குடுத்திருக்கேன் மாப்ளே. உன் லெட்டர் வந்த அன்னைக்கு ரூம் ரூமாப் போனேன். நாலு பேர் ஆல்பத்த ஊருக்கு அனுப்பிட்டானுங்க. அவனுங்க மொகத்தப் பாக்க முடியல" என்றிருந்தது. அந்த நால்வரில் மேலப்பாளையத்துக்காரர் ஒருவரின் முகவரியையும் எழுதியிருந்தான். அந்த வாரமே நான் மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.