சீசன் ஆராதனை

எங்கள் சபையின் சரித்திரத்தை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிடுவேன். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த முதல் நாலைந்து குடும்பங்களை ஊர்ப் பண்ணையார் ஞாயிற்றுக்கிழமையும் காட்டு வேலைக்கு வரச் சொன்னாராம். மாட்டோம் என்றதும் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. அவர்களே ஒரு கிணறு வெட்டி, அதன் பக்கத்தில் ஓலைக் கோயில் கட்டினார்கள். வருஷா வருஷம் கோயில் கட்டிய நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையில் இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் துணி துவைக்க மாட்டோம், ஊசியில் நூல் கோக்க மாட்டோம். கேலி செய்தவர்களை நான் சும்மா விட்டதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் சபைப் பெண்கள் பாதிப்பேர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனோம். நானும் என் மதினியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னுவோம். தீபாவளி நெருங்கவும் ஆர்டர் குவிந்துவிட்டது. வருகிற ஞாயிறு முதல் அன்றைக்கும் வேலை உண்டு, வராதவர்கள் அப்படியே நின்றுகொள்ளலாம் என்றார் போர்மேன்.

பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் எங்களைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தினார். ஓய்வுநாளில் கம்பெனிக்குப் போவதில்லை என்று பொருத்தனை செய்தோம். ஒருத்தரும் போகாவிட்டால் எல்லாரையுமா நிறுத்துவார்கள்? எனக்கு அந்தத் தைரியம்.

அந்த ஞாயிறு, ஒன்பது மணி ஆராதனைக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கோயில் பூட்டிக் கிடந்தது. மணியடிக்கிற பெரியவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“ஆராதனை விடியமுன்னயே முடிஞ்சிருச்சு தாயி. மணி அடிக்க வேண்டாம்னு சொல்லிட்டாக. எல்லாரும் கம்பெனி லாரியில ஏறிப் போயாச்சு.”

நேரே ஐயர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“ஆராதனைய விட்டுடலையேம்மா. நேரத்தத்தான மாத்தியிருக்கோம். பொம்பளைக வந்து அழுதாக. வேலை போச்சுன்னா அடுப்பு எரியாதுன்னாக. நான் என்ன செய்ய?”

“எங்கிட்ட மட்டும் ஏன் மறைச்சீக?”

“நீ ஒத்துக்கிட மாட்ட. மத்தவுக மனசையும் கலைச்சிருவ. ஒன் மதினிதான் சொல்ல வேணாம்னா.”

முந்தின நாள் சாயந்திரம்தான் மதினி என் தலையை மடியில் போட்டுக்கொண்டு பேன் பார்த்தாள். ஊர்க்கதையெல்லாம் பேசினாள், இதை மட்டும் விட்டுவிட்டாள். வேலை போய்விடும் என்று அவள் பயந்தது எனக்குப் புரிகிறது. அந்தப் பேன் பார்த்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை போர்மேன் என்னை வாசலிலேயே மறித்தார்.

“ஒங்க சபைக்காரவுக எல்லாரும் வந்தாகளே. ஒனக்கு மட்டும் தனிச் சாமியா?”

மதினி தலைகுனிந்தபடி என்னைத் தாண்டி உள்ளே போனாள். நான் நடந்தே ஊர் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகக் கூடாது என்றுதான் படுத்தேன். போகாமல் இருந்து பழக்கமில்லை. இருட்டோடு எழுந்துபோய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். அதற்குள் இந்த விடியற்கால ஏற்பாட்டுக்குச் சீசன் ஆராதனை என்று பெயரே வைத்துவிட்டார்கள். அரிக்கேன் வெளிச்சத்தில் எல்லாரும் வேலைச் சேலையோடு, தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். கடைசி ஜெபத்தில் ஐயர் என் பக்கம் திரும்பினார்.

“ஆண்டவரே, வேலையை இழந்து நிற்கும் உமது மகளை நினைத்தருளும். அவளுக்கு நீர்தாமே ஒரு வாசலை...”

வெளியே லாரிக்காரன் ஆரன் அடித்தான். பெண்கள் தூக்குவாளியைக் கையில் எடுத்தார்கள். ஐயர் அந்த இடத்திலேயே ஆமென் சொல்லிவிட்டார்.