வீரய்யா சொன்ன வழி

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் யார் இந்தியாவுக்குப் புறப்பட்டாலும் முதலில் வீரய்யா அண்ணனிடம்தான் வழி கேட்பார்கள். தேயிலை ஸ்டோரில் கொழுந்து சுருட்டும் ரோலர் ஓட்டுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், ஹட்டனிலிருந்து மதுரை வரைக்கும் ஒரு வளைவு விடாமல் சொல்வார். மாத்தளையில் காரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பெண்கள் கடைக்குள் போய்விடுவார்கள். மதவாச்சியில் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு மன்னார் வரைக்கும் காடும் வெயிலும்தான். காலையில் வடக்கே போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருகிறவன் முட்டாள். தலைமன்னாரில் கப்பல் ஏறினால் நடுவில் உட்காரு, ஓரத்தில் உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும்.

“உங்களுக்கு எப்படிண்ணே இவ்வளவும் தெரியும்?” என்று கேட்டால் போதும், நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

“முப்பத்தொம்பதுல போனவன் நாப்பத்தொண்ணுலதான் திரும்பி வந்தேன். ஒன்றரை வருசம் மதுரை வாசம்டா.”

அப்போது அவர் டிக்கோயாப் பக்கத்தில் வேறொரு தோட்டத்தில் இருந்தவர். எங்கள் தோட்டத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. அதனால் அவர் சொன்னதுதான் எங்களுக்குச் சரித்திரம்.

நானும் ஐம்பத்தைந்தில் அவர் சொன்ன வழியில்தான் போனேன். வாடகைக் காரில் ஏழு பேர், தலைமன்னார் வரைக்கும். எல்லாம் அவர் சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தன. மதுரையில் ஒரு ஓட்டலுக்குப் போய், “வீரய்யா அனுப்பினாருன்னு சொல்லு, முதல் எலை உனக்குத்தான்” என்று சொல்லியிருந்தார். ஓட்டல் இருந்தது. முதலாளியும் இருந்தார். “எந்த வீரய்யா?” என்றார்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களை இரண்டு நாளைக்குள் பிடித்து, எங்கே நின்றீர்கள், எங்கே தின்றீர்கள், எங்கே ஒதுங்கினீர்கள் என்று ஒன்றுவிடாமல் கறந்துவிடுவார். என்னையும் கறந்தார். ஓட்டல் சங்கதியை மட்டும் நான் விழுங்கிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கையில் அப்படியொரு பிடி இருப்பது எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

ஐம்பத்தேழில் அவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வந்தது. ஹட்டனில் ஒரு மண்டபம். அண்ணன், அவர் மனைவி காளியாயி, மகள் பூரணி, சாட்சிக்கு நான். வாசல் பெஞ்சுகளில் எங்கள் தோட்டத்து ஆட்களே இருபது பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது.

விசாரிக்கும் துரை ஒரு தாளை எடுத்து நீட்டினார். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் சிவராசா அதை வாசித்தார். மொட்டைக் கடுதாசி. வீரய்யா ஒன்றரை வருடம் இந்தியாவில் இருந்தவர், தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று இருந்தது. எழுதியவரை எனக்குத் தெரியும். அவரும் அண்ணனிடம் வழி கேட்டுப் போய் வந்தவர்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் நாட்டை விட்டு இருந்தவனின் மனு தேறாது என்று மலை முழுக்கப் பேச்சு. அவர் அப்போது இங்கேதான் வேலை செய்தார் என்று காட்ட, பேர் பதியும் பழைய தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களையோ கரையான் தின்றுவிட்டது.

“முப்பத்தொன்பதில இருந்து நாப்பத்தொண்டு மட்டும் நீர் இந்தியாவில இருந்தனீரோ?” என்று கேட்டார் சிவராசா.

அண்ணன் துரையைப் பார்த்தார். பிறகு திரும்பி வாசலைப் பார்த்தார். இருபது பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இல்லையென்றால் மானம் போகும், ஆமென்றால் நாடு போகும். மானத்துக்காக நாட்டை விட்டுவிடுவாரோ என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் வாயெடுப்பதற்குள் காளியாயி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். பூரணியின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை மேசையில் வைத்தார்.

“அய்யா, இவ நாப்பது கார்த்திகையில டிக்கோயாவுல பொறந்தவ. இந்த மனுசன் அப்ப மதுரைல இருந்தாருன்னா, இவ யாரு புள்ளைன்னு அவரையே கேளுங்க.”

சிவராசா அதை இங்கிலீஷில் சொல்வதற்குள் பாதி சிரித்துவிட்டார். முழுசும் கேட்ட துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருடம் அந்தக் கணக்கை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை, அண்ணன் உட்பட.

“போகலைங்க” என்றார் அண்ணன்.

“சத்தமாச் சொல்லும்.”

“நான் இந்தியாவுக்கே போகலைங்க.”

வாசலில் எழுந்த சிரிப்பு கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நீ சிரிக்கலையே. உனக்கு முன்னமே தெரியுமா?” என்றார்.

“மதுரைலயே தெரியும்ணே.”

“ஏண்டா கேக்கல?”

“நீங்க சொன்ன எடத்துலதான எல்லாம் இருந்துச்சு.”

ஒரு வாரம் அவர் வாசலில் சாக்கு விரியவில்லை. மேட்டு லயத்து நாகலெட்சுமி குடும்பம் ஊருக்குப் போக நாள் குறித்திருந்தது. வேறு யாரிடம் கேட்பார்கள்? அடுத்த ஞாயிறு அவர்களே ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்தார்கள். அண்ணன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். மாத்தளையைத் தாண்டுவதற்குள் பழைய குரல் வந்துவிட்டது.

மறுவருடம் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. லயமே கூடி நின்று பார்த்தது. நாகலெட்சுமி விடுவாளா?

“இனிமே நீங்க பாஸ்போட்டு எடுத்து ராசாவாட்டம் போய்ட்டு வரலாம்ணே. எப்பப் போறீங்க?”

அண்ணன் பத்திரத்தை நாலாக மடித்துக் காளியாயி அக்காவிடம் கொடுத்தார்.

“எதுக்குப் போகணும்? நான் பாக்காத எடம் அங்க என்ன இருக்கு?”