நான் சேர்த்த ஒரு வரி

அடையாறில் நான் வேலை பார்க்கும் மென்பொருள் அலுவலகத்தில், கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி ஒன்று உண்டு. அதற்கு உதவிப் பக்கங்கள் எழுதுவது என் வேலை. நீக்கும் கட்டளைக்கு, ‘இது கோப்பை, கருவி கவனிக்கும் கோப்புகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்’ என்று ஒரே வரி எழுதியிருந்தேன். கணினியிலிருந்தும் கோப்பு அழிந்துவிடும் என்பதை எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற மிதப்பு.

செல்வி அப்போது புதிதாகச் சேர்ந்தவள். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்த அவள் வீட்டை இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள். போன் கெட்டுப்போனதால், அந்த வீட்டின் படங்களை அலுவலகக் கணினியில் வைத்திருந்தாள். அவை தவறுதலாக அந்தக் கருவியின் பட்டியலில் ஏறிவிட்டன. என் பக்கத்தைப் படித்துவிட்டு, நீக்கும் கட்டளையைக் கொடுத்திருக்கிறாள்.

“அண்ணா, லிஸ்ட்லர்ந்து மட்டும்தான போவும்? போட்டோ ஒண்ணுகூட காணோம்ணா. நான்தான் சரியா படிக்கலியா?”

படங்கள் பட்டியலில் ஏறியிருந்தனவே தவிர, கருவியில் இன்னும் பதிவாகவில்லை; மீட்க வழியில்லை என்று எனக்குத் தெரியும்.

“கம்ப்யூட்டர்லேருந்தும் போயிடும்னு போட்டிருக்கேனே. கவனமாப் படிக்கக் கூடாதாம்மா?” என்றேன்.

அவள் தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தவள் அங்கிருந்தே சொன்னாள்: “ஆமாண்ணா, போட்டுகீது. என் கண்ணுதான் அவிஞ்சு பூட்ச்சி.”

உதவிப் பக்கங்களிலும் எந்த வரியை யார், எத்தனை மணிக்குச் சேர்த்தார் என்பதை அந்தக் கருவி அழிக்காமல் வைத்திருக்கும். இன்று செல்வி அதில் கைதேர்ந்தவள். அதைப் பார்க்க அவளுக்கு ஒரு நொடி போதும். இன்னும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு முறையும் திரும்பி, முதலில் அவள் கண்ணைத்தான் பார்க்கிறேன்.